சொந்த ஊரில் பத்து நாள் வாடகைக்கு

"காரைநகரில வீடு ஒண்டு வாடகைக்கு எடுத்துத் தங்கப் போறம், பத்து நாள்" என்று பலெர்மோவில் இருந்து சின்னம்மா சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மம்மா ஃபோனை வாங்கி, "சொந்த ஊரில காசு குடுத்துப் படுக்க நாங்கள் என்ன பரதேசியளோ?" என்று கேட்டா.

சொந்த ஊர்தான். ஆனால் வீடு இல்லை. 1991இல் இடம்பெயர்ந்த குடும்பம் எங்கடது. களபூமியில் சின்னம்மாவுக்குச் சீதனமாக எழுதின வளவில் இப்ப ஒரு கிணறும் அத்திவாரமும்தான் மிச்சம். நாங்கள் பிறந்து வளர்ந்தது பொன்னாலைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சுழிபுரத்தில். காரைநகர் என்றால் எங்களுக்கு ஈழத்துச் சிதம்பரத் திருவிழா, கசூரினாவில் ஒரு குளிப்பு. பொழுதுபடமுதல் பாலம் தாண்டி வந்துவிடுவோம்.

எங்கட வீட்டில் இரண்டு அறை. வாறது நாலு பேர், இருக்கிறது அஞ்சு பேர். கடலுக்குள் இருக்கிற ஹமன்ஹீல் கோட்டையைச் சித்தப்பா இணையத்தில் பார்த்திருந்தார். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை, பிறகு சிறையாகவும் இருந்தது, இப்ப கடற்படை நடத்துகிற விடுதி. சின்னம்மா ஒரே சொல்லில் முடித்தா: "வேண்டாம்." ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் லண்டனில் இருக்கிற ஒருவரின் வீடு கிடைத்தது. புதுசாகத் திருத்திக் கட்டினது. வருஷத்தில் ஆடி, ஆவணியில் மட்டும் சொந்தக்காரர் வருவார். மற்ற நாளில் வாடகைக்கு. இப்படிப் பூட்டிக் கிடக்கிற வடிவான வீடுகள் ஊரில் எத்தனை என்று பஸ்ஸில் போனாலே தெரியும்.

சின்னம்மா ஆவணியில் வரமாட்டா. பலெர்மோவுக்குப் பக்கத்தில் மொண்டெல்லோ என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கோடை விடுமுறைக்குக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிற அப்பார்ட்மென்டுகளைத் துப்புரவாக்குகிறதுதான் அவவின் வேலை. ஆவணியில் முழு இத்தாலியும் கடலுக்குப் போகும். சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் வெளிக்கிட, பின்னேரம் அடுத்த குடும்பம் வரும். அந்த இடைவெளியில் கட்டில் விரிப்பு மாற்றி, பாத்ரூம் தேய்த்து, குசினி கழுவி, மணலெல்லாம் கூட்டி முடிக்க வேணும். ஒரு நாளில் மூன்று வீடு. அந்தக் கடலில் தான் குளித்தது நாலைந்து தரம்தான் என்றா.

எங்களில் மூத்தது கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம். புலம்பெயர் உழைப்பைப் பற்றிப் பதினைந்து பக்கத்தில் அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தது. சின்னம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

மார்கழி நடுவில், திருவெம்பாவைக்கு வந்து இறங்கினார்கள். சாவி கொண்டுவந்த அண்ணை படலை தாண்டமுதலே சின்னம்மா தும்புத்தடியைத் தேடினா. மெத்தையைத் தூக்கிப் பார்த்தா, பாத்ரூம் ஓட்டையில் மயிர் எடுத்தா. "சின்னம்மா, இருங்கோவன், நீங்கள் காசு குடுத்து வந்தனீங்கள்" என்றோம். "ஓம் பிள்ளையள், இந்தா இருக்கிறன்" என்றுவிட்டு ஜன்னல் துடைத்தா. மூன்றாம் நாள்தான் கதிரையில் சாய்ந்தா.

மழை விட்டபாடில்லை. கசூரினாவில் சவுக்கு மரங்களின் கீழ் ஒரு சனம் இல்லை. கடலும் கலங்கிக் கிடந்தது. இத்தாலியில் பிறந்த மச்சாள்மாருக்குச் சப்பென்று போய்விட்டது. நாங்கள் விறாந்தையில் ஒடியல் கூழ் காய்ச்சிப் பிளாவில் குடித்தோம். நண்டுக் கோதை எப்படிக் கடிக்கிறது என்று அம்மம்மா அவைக்குக் காட்டினா.

வாடகை வீடு வேண்டாம் என்ற அம்மம்மாதான் பெரிய அறையைப் பிடித்தவ. முதல் இரவு கரண்ட் போன நேரம் இருட்டில் சொல்லத் தொடங்கினா: இந்தக் காணி முந்தி ஆருடையது, எந்தப் பக்கம் குளம், எந்த வேலியால் பொட்டு வைத்துப் பள்ளிக்கூடம் போனவை. அப்போதுதான் கணக்குப் பார்த்தோம். 1991க்குப் பிறகு அவ காரைநகரில் ஒரு இரவும் படுத்ததில்லை. பாலம் கடந்தால் அரை மணித்தியாலம்கூட இல்லாத தூரம். கோயிலுக்கு வந்திருக்கிறா, செத்த வீட்டுக்கு வந்திருக்கிறா. இரவில் நிற்க ஒரு கூரை இருக்கவில்லை, அவ்வளவுதான். எங்கட சிரிப்பு எங்களுக்கே வெட்கமாக வந்தது.

கடைசி நாள் விடிய சின்னம்மா விரிப்புகளைக் கழற்றி மடித்து வைத்திருந்தா. "அக்கா, இதுக்கு ஆள் வருவா, விடுங்கோ" என்றார் சாவிக்கார அண்ணை. வந்தவ சின்னம்மாவின் வயதுதான், பக்கத்து ஒழுங்கை. இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று நெடுநேரம் கதைத்தார்கள். ஒரு வீட்டுக்கு எவ்வளவு தருகினம், குளோரின் போட்டால் கை எரியுமோ என்று.

மொண்டெல்லோவில் விடுமுறை முடிந்து போகிறவர்கள் பாதி எண்ணெய்ப் போத்தல், பாதிச் சீனி, கட்டி வைத்த பஸ்தா பைக்கற் விட்டுப்போவார்களாம். வருஷக்கணக்காகச் சின்னம்மா அதுகளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறா. அன்றைக்குக் காலையில் எங்களை வலந்தலைச் சந்திக்கு அனுப்பிச் சீனியும் தேயிலையும் சவர்க்காரமும் வாங்குவித்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மேசையில் எல்லாம் உடைக்காத பைக்கற்றாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் வானில் ஏறினா.

பாலத்தில் வரும்போது அம்மம்மா கேட்டா: "அடுத்த மார்கழிக்கு இப்பவே சொல்லி வைக்க வேணுமோ?"