மூன்று கேள்வியும் ஒரு மதுரையும்

"நீங்க மதுரைதானே?" என்று மேனேஜர் என் மேஜை முன்னால் வந்து நின்றபோது கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. மதுரை என்றாலே அரிவாள் என்று சினிமாக்காரர்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்களே... ஆபீசில் யார் யாரை வெட்டினார்களோ!

விஷயம் அதுவல்ல. "நம்ம பெயின்ட் ஷாப் சார் அடுத்த வாரம் கொரியாவுக்கே திரும்பப் போறார். மூணு வருஷத்துல ஃபேக்டரி, கெஸ்ட் ஹவுஸ், ஏர்போர்ட் தவிர எதையும் பார்க்கலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஃப்ரீ. மதுரை பார்க்கணுங்கறார். நீங்க பிளான் போட்டுக் கூட்டிட்டுப் போங்க!"

கொரியாவில் ஐந்தில் ஒருவர் பெயர் கிம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கே நாலு கிம்கள் வந்து சேர்ந்ததால், 'வெல்டிங் சார்', 'ஸ்டோர்ஸ் சார்' என்று இடத்தை வைத்துத்தான் கூப்பிடுவோம். பெயின்ட் ஷாப் சாருக்கு வயசு ஐம்பத்தெட்டு. அதிகம் பேச மாட்டார். எனக்கு அவரிடம் ஒரு பழைய கடன் உண்டு. அது பின்னால் வருகிறது.

அன்று ராத்திரியே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பிளான் போட்டேன். சொந்த ஊர் ஆச்சே, கை நீண்டுகொண்டே போயிற்று. மீனாட்சி அம்மன் கோயில், புதுமண்டபம், மகால், கூடலழகர் கோயில், காந்தி மியூசியம், திருப்பரங்குன்றம், யானைமலை, அழகர்கோயில், பழமுதிர்சோலை, சமணர் மலை, கீழடி, தெப்பக்குளம்... மொத்தம் பதினாலு இடம்! 'அழகர்கோயில் - 25 நிமிடம் (சாமி கும்பிட 5 நிமிடம்)' என்று கலர் கலராகக் கட்டம் போட்டு, பெருமையோடு மதுரையில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏண்டா, அவரு மனுஷனா, தபால் கட்டா? பதினாலு எடத்துல முத்திரை குத்தி அனுப்பப் போறியா? மலைங்கிற, படிங்கிற... அந்த மனுஷனுக்கு முழங்கால் எப்படி? என்ன சாப்பிடுவாரு? ஏதாச்சும் கேட்டியா?"

சுருக்கென்றது. ஏனென்றால், அதே கேள்விகளை அவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் டிரெய்னிங்குக்காகக் கொரியாவில் உள்ள பூசானுக்குப் போயிருந்தேன். சோல் நகரத்துக்கு அடுத்த பெரிய ஊர், துறைமுகம், முப்பது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. பாஷை தெரியாது, பசிக்கு வாழைப்பழம். ஞாயிற்றுக்கிழமை ரூமில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, அதுவரை இரண்டு வார்த்தைகூடப் பேசியிராத இந்த மனிதர் வந்து கதவைத் தட்டினார். மூன்று கேள்வி கேட்டார். "எவ்வளவு தூரம் நடப்பாய்? எது சாப்பிட மாட்டாய்? சின்ன வயதில் உனக்கு எது பிடிக்கும்?"

"நல்லா நடப்பேன். மீன், கறி எதுவும் ஆகாது. சின்ன வயசில் ரயில் பைத்தியம்" என்றேன்.

அவ்வளவுதான், அவர் போட்ட பிளானைப் பாருங்கள். காலையில் கி.பி. 678-ல் தொடங்கிய பொமோசா என்ற பௌத்தக் கோயில் - மலையடிவாரத்தில் நல்ல நடை. அப்புறம் ஹேயுண்டே கடற்கரை. அங்கே பழைய ரயில் பாதையில் கடலை ஒட்டியே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தார். முப்பத்திரண்டு வயசு ஆசாமி, எட்டு வயசுப் பையனாகி வாயைப் பிளந்துகொண்டு வந்தேன்! கடைசியில் மட்டும் ஜகல்ச்சி மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். 'மீன் ஆகாதுன்னு சொன்னவனை இங்கேயா?' என்று கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் ஒரு மூலையில் பத்து நிமிஷம் சும்மா நின்றார். பிறகு கிளம்பிவிட்டோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் கான்டீனில் அவரைப் பிடித்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். சிரித்தார். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். சமதரையில் நடக்கலாம், படி கூடாது. (அழகர்கோயில் மலை, சமணர் மலை, யானைமலை மூன்றும் அவுட்!) சாப்பாடு எதுவானாலும் சரி, காலையில் மட்டும் சூடாக ஏதாவது வேண்டும். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்து, "மார்க்கெட்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி பிளான் போடுவது சுலபம் என்று நினைத்தால், மதுரை தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. கோயில் நடை மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். வெயில் பதினொரு மணிக்கே மண்டையைப் பிளக்கும். பூ மார்க்கெட்டோ விடிவதற்குள் பாதி வியாபாரத்தை முடித்துவிடும். ஊர் தூங்குகிற மத்தியான வேளையில் நாம் மட்டும் சுற்றினால் பூட்டைத்தான் பார்க்கலாம்.

இன்னொன்று, திசை. அழகர்கோயில் வடக்கே 21 கிலோமீட்டர். கீழடி தென்கிழக்கே 12 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் பார்க்கிற நேரத்தைவிட டிராஃபிக்கில் நிற்கிற நேரம் ஜாஸ்தி. ஆகவே வைகைக்குத் தெற்கே ஒரே கோடாகப் போவது என்று முடிவெடுத்தேன். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி மியூசியம் ஆற்றுக்கு வடகரை, அதையும் அடித்தேன். கை நடுங்கத்தான் செய்தது. பதினாலு இடம், பூ மார்க்கெட்டையும் மேலமாசி வீதியையும் சேர்த்து, ஆறு ஆயிற்று.

ஞாயிறு விடியற்காலை ரயிலை விட்டு இறங்கி, வாடகைக் காரில் நேராக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். வடகரையில் இருக்கும் ஒரே இடம் இதுதான். அவருடைய மூன்றாவது பதிலுக்காகச் சேர்த்தது.

மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி. காலையில் மொட்டாக இருப்பது சாயங்காலம் பெண்கள் தலையில் விரியும் என்பதுதான் வியாபாரத்தின் சூட்சுமமே. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் பணம். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், மற்ற நாளில் தடாலென்று விழும். "வழி... வழி... அண்ணே, அங்கிட்டு ஒதுங்குங்க!" என்று தலைச்சுமைக்காரர்கள் எங்களை ஒரு ஓரமாகத் தள்ளினார்கள்.

அங்கே ஒரு அம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து உதிரிப்பூ விற்றுக்கொண்டிருந்தார். பெயின்ட் ஷாப் சார் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு கைகளையும் அகலமாக விரித்து, அந்தச் சாக்கின் அளவைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "என் அம்மாவின் இடமும் இவ்வளவுதான். ஜகல்ச்சியில். இருபத்தாறு வருஷம்."

பூசானில் அவர் நின்ற மூலை எனக்கு ஞாபகம் வந்தது. கர்சீப்பும் ஞாபகம் வந்தது. எனக்கு அவர் காட்டியதிலேயே பெரிய இடம் அதுதான். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன்!

கொரிய பாஷையில் அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா'வேதான். அந்தப் பூக்கார அம்மாவிடம் அவர் "ஒம்மா" என்று சொல்லிப் பணம் நீட்ட, அவர் கால் படி மல்லியை அள்ளிப் போட்டு, "இது யாருய்யா... நம்மூர் ஆளு மாதிரி கூப்புடுறாரு!" என்றார்.

சூடான இட்லி, நாலு வகைச் சட்னி. சாம்பாரை சூப் போலக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். ஏழரைக்குக் கோயில்.

இங்கே ஒரு விஷயத்தை ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தேன். இந்துக்கள் அல்லாதவர்கள் சன்னதிக்குள் போக முடியாது, போர்டு இருக்கும், போனையும் வெளியே கொடுத்துவிட வேண்டும். விருந்தாளியை அந்த போர்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி முழிக்க வைப்பதைவிட முன்கூட்டியே சொல்வது மரியாதை. அவர் தலையாட்டினார். பிராகாரங்கள், பொற்றாமரைக் குளம், 1559-ல் கட்டிய 170 அடி தெற்குக் கோபுரம் - இவையே அவருக்குப் போதும். குளத்தங்கரையில் அரை மணி உட்கார்ந்தோம். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்தான் என்றேன். "பதினைந்து குறைவா? எங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்ட் விடாது" என்றார். மூன்று வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக்!

அடுத்து மேலமாசி வீதி. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகளுக்குத் தமிழ் மாதங்களின் பெயர். அந்த வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்திஜி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். இப்போது அங்கே கதர்க்கடை. அவர் ஒரு துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். எத்தனையோ நாள் அந்த வழியே சைக்கிளில் போயிருக்கிறேன். உள்ளே நுழைந்தது அன்றுதான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

வெயில் ஏறியதும் கீழடி. வயலும் தென்னந்தோப்பும் வழியெல்லாம் கூடவே வந்தன. 2014-ல் தோண்ட ஆரம்பித்த இடம். இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஊர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2023-ல் செட்டிநாட்டு வீடு பாணியில் மியூசியம் கட்டித் திறந்தார்கள். பானை ஓட்டில் கீறிய எழுத்துகளைப் பார்த்தவர், பகடையும் சுடுமண் சில்லுகளும் இருந்த இடத்தில் நின்றுவிட்டார். "நாங்களும் சின்ன வயதில் கல் வைத்து ஆடுவோம். கொங்கி. ஐந்து கல்" என்று கையைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அட, நம் அஞ்சாங்கல்!

மத்தியானம் தெப்பக்குளம் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. "வாங்க தம்பி, நாக்காலில உக்காருங்க, காலு மடக்க வேணாம்" என்றாள். அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பாடு, ஒரு மணி நேரத் தூக்கம் - இதுவும் பிளானில் உள்ளதுதான். எழுந்து வந்து பார்த்தால், அம்மா அஞ்சு கூழாங்கல்லோடு தரையிலும் அவர் நாற்காலியில் ஸ்டூலை இழுத்துப் போட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! எழுபத்திரண்டு வயசு அம்மா ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆட்டத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்தின் கரையில் ஒரு நடை. பிறகு அவரே 1636-ல் கட்டிய மகால். அன்றைக்கு இருந்ததில் கால்வாசிதான் மிச்சம் என்கிறார்கள். அவருடைய பேரன் சொக்கநாதர் காலத்தில் திருச்சிக்குப் பெயர்த்துக் கொண்டுபோனதில் போனது போக நின்றது இது. ஒரு காலத்தில் ஜில்லா கோர்ட்கூட இங்கேதான் நடந்தது. கடைசியாக விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. அவர் பாதாம் பிசினை ஸ்பூனில் தூக்கிப் பார்த்து, "இது எந்த மெஷினில் தயாராகிறது?" என்றார்.

ராத்திரி ரயிலில் சொன்னார்: "பூசானில் நான் உனக்கு நாலு இடம் காட்டினேன். நீ ஆறு காட்டிவிட்டாய். பாக்கி நான்தான் தரவேண்டும்." சட்டைப்பையைத் தட்டினார். உள்ளே அஞ்சு கூழாங்கல் கிலுகிலுத்தது.

அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த மூன்று கேள்விகள் உள்ளே குடைந்துகொண்டே இருந்தன. முன்பின் தெரியாதவர் என்னிடம் கேட்டார், நான் அவரிடம் கேட்டேன். என் அம்மாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. போன வாரம் போன் போட்டுக் கேட்டேவிட்டேன்.

"நடையா? தெப்பக்குளத்தை ஒரு சுத்து சுத்துவேன். சாப்பாடு, நீ என்ன வாங்கித் தந்தாலும் சரி."

"சின்ன வயசுல உனக்கு எதும்மா பிடிக்கும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"வைகையில தண்ணி போறப்ப பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நடந்து போவோம்டா. உங்க தாத்தா கையைப் பிடிச்சிருப்பாரு. ஏன் கேக்குற?"

"கூட்டிட்டுப் போறேம்மா."

"ஆத்துல மொதல்ல தண்ணி வரட்டும்டா!"

பிளான் ரெடி. ஒரே ஒரு இடம்தான். மேனேஜருக்கு லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'வைகையில் தண்ணீர் வரும் அன்று ஒரு நாள்' என்று எழுதினால் சாங்ஷன் ஆகுமா? ஆபீஸ் அனுபவஸ்தர்கள் யாராவது சொல்லுங்களேன்!