எண்டர் தட்டினால் என்ன நடக்குது?

ஒரு வரி எங்க முடியுது என்டு கேட்டா, எண்டர் தட்டின இடத்தில என்டுதான் சொல்லுவம். ஆனா அந்த எண்டர் எல்லாக் கணினியிலயும் ஒன்டில்ல. பழைய டெலிபிரிண்டரில் அச்சுமுனையை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுபோக ஒரு கட்டளை, தாளை ஒரு வரி நகர்த்த இன்னொன்று. அஸ்கி குறியீட்டில் அவை 13, 10. விண்டோஸ் இன்றைக்கும் இரண்டையும் போடுது. லினக்ஸ் 10ஐ மட்டும். விண்டோஸின் நோட்பேட், லினக்ஸ் வரிகளைப் பிரிச்சுக் காட்டத் தொடங்கினதே 2018இலதான்.

மாங்கேணியில நாங்கள் நாலு பேர் சேர்ந்து மீன், வலை, காத்து பற்றின ஊர்ச்சொற்களைச் சேர்த்தம். ஒரு வரிக்கு ஒரு சொல். எந்தச் சொல்லை யார் கொண்டுவந்தது என்பதற்கு கிட் வைத்திருக்கும் வரலாறுதான் சாட்சி. ஒருநாள் எங்கட கூட்டாளி ஒருத்தன் தன்ர விண்டோஸ் லப்டொப்பில ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினான். நானூறுக்கு மேற்பட்ட வரிகள் அழிந்து, திரும்ப எழுதப்பட்டதாகக் கிட் காட்டியது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலயும் அவன்ட பேர்.

"என்ர அம்மம்மா சொன்ன சொல்லெல்லாம் இப்ப உன்ர பேரிலயா?" என்டு கேட்டுப்போட்டு நண்பி குழுவ விட்டு விலகிட்டா. "நான் ஒரு எழுத்துத்தான் மாத்தினன்" என்டான் அவன். ரெண்டு பேரும் சொன்னது உண்மை. அவன்ட எடிட்டர் ஒவ்வொரு வரி முடிவிலயும் கண்ணுக்குத் தெரியாத 13 ஒன்றைச் சேர்த்திருந்தது.

கிட் பழையதை அழிக்கிறதில்ல. 'பிளேம்' கட்டளையோட 'டபிள்யூ' தெரிவைச் சேர்த்தா, வெற்றிட மாற்றங்களை ஒதுக்கிப்போட்டு, உண்மையா எழுதின ஆளைக் காட்டும். அதோட கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில ஒரு உடுக்குறி, பிறகு 'டெக்ஸ்ட் சமன் ஓட்டோ' என்டு ஒரு வரி போட்டம். இனி யார் எந்தக் கணினியில எழுதினாலும் களஞ்சியத்துக்குள்ள 10 மட்டும்தான் போகும். ஏற்கனவே உள்ளே போன வரிகளை 'ரீநோர்மலைஸ்' சரியாக்கிச்சுது.

ஆனா கட்டளை குடுத்து நண்பியைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவவின்ட வீட்டுக்குப் போனம். அம்மம்மாவின் சொற்களுக்குப் பக்கத்தில தன்ர பேர் கிடக்கிறதைப் பாத்த பிறகுதான் அவ கதைச்சா.

கூட்டாகச் சேர்ந்து எழுதப் போறீங்களென்டா, முதல் சொல்லைச் சேர்க்க முன்னமே அந்த ஒரு வரியைப் போட்டு வையுங்க.