பெயருக்குள் ஒரு ‘ஒருவேளை’

பழைய நிரலை ஒழுங்குபடுத்தும் வேலை வந்தால், ஃபங்ஷன்களின் பெயர்களை மட்டும் முதலில் ஒருதடவை வாசித்துவிடுவேன். ‘கம்பைலருக்கு எல்லாப் பெயரும் ஒண்ணுதான், பாஸ்’ என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அடுத்த வருஷம் அந்த நிரலில் கை வைக்கப்போவது கம்பைலர் இல்லையே. இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் லினக்ஸ் கெர்னலில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்வேன்.

லினக்ஸ் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஒரு பக்கத்தை எத்தனை பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். அது பூஜ்யமானால்தான் பக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கும். ஒரு புரோகிராமின் பக்கங்களைக் கெர்னல் கையில் எடுக்க ‘கெட்_யூசர்_பேஜஸ்’. முடிந்ததும் ‘புட்_பேஜ்’. எடு, வை. எவ்வளவு எளிமை!

சிக்கல் என்னவென்றால், இதை இரண்டு விதமான ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு அது எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும். இன்னொருவரோ பக்கத்தை ஏதோவொரு சாதனத்திடம் கொடுத்து, ‘சிபியுவைக் கேட்காமல் நீயே எழுதிக்கோ’ என்று விட்டுவிடுவார். இருவருக்குமே எண்ணிக்கை ஒன்றுதான் கூடும். அதனால் கோப்பு முறைமைக்கு வித்தியாசம் தெரியாது. அது பக்கத்தை வட்டில் எழுதி, ‘இனி மாற்றமில்லை’ என்று குறித்துக்கொள்ளும். சாதனம் அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருக்கும். கெர்னல் விழுந்தால்கூடப் பரவாயில்லை, விழுந்தது தெரியும். யாரோ ஒருவரின் தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போவதுதான் பயங்கரம்.

2020இல் இரண்டாவது ஆளுக்குத் தனிப்பெயர் வந்தது: ‘பின்_யூசர்_பேஜஸ்’. விடுவிக்க ‘அன்பின்_யூசர்_பேஜ்’. பெயர் இரண்டானதும், பழைய ஃபங்ஷனைக் கூப்பிட்ட ஒவ்வோர் இடத்திலும் போய் ‘நீ இதில் எந்த ஆள்?’ என்று விசாரிக்க வேண்டியிருந்தது. அதுவரை யாரும் கேட்கத் தேவைப்படாத கேள்வி அது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் அடுத்த கட்டம். பக்கத்தைப் பற்றிய குறிப்பில் ‘பின்’களுக்கென்று தனி எண்ணிக்கை வைக்க இடம் கிடையாது. ஆகவே சாதாரணப் பக்கத்துக்கு, ஒவ்வொரு பின்னுக்கும் அதே எண்ணிக்கையில் 1024 கூட்டினார்கள். ஆனால் வெறுமனே எடுத்தவர்களே 1024 பேர் இருந்துவிட்டால்? அப்போதும் பின் செய்த மாதிரிதான் தெரியும். சோதிக்கும் ஃபங்ஷன் இதை மறைக்கவில்லை. அதற்கு அப்போது வைத்த பெயரே ‘பேஜ்_மேபி_டிஎம்ஏ_பின்டு’. அது ‘இல்லை’ என்றால் நம்பலாம். ‘ஆம்’ என்றால், இருக்கலாம் என்று அர்த்தம். இந்தத் திசையில் தவறினால் கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடு போய்விடும். எதிர்த்திசையில் தவறினால் தரவே போய்விடும்.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், தோராயமாகக் கணக்குப் போட்டு ‘பஃபர் காலி’ என்று அடித்துச் சொல்லும் ஒரு ஃபங்ஷனை ரிவ்யூவுக்கு அனுப்பினான். பெயரில் ‘மேபி’ சேர்க்கச் சொன்னேன்.

“அப்படிப் போட்டா நமக்கே சரியாத் தெரியலைன்னு ஆயிடாதாண்ணா?”

“தெரியாதுதானே தம்பி.”

சிரித்துக்கொண்டே மாற்றினான். மாற்றிய கையோடு, அதைக் கூப்பிடும் ஏழு இடங்களையும் தானாகவே திறந்து பார்க்க ஆரம்பித்தான்.