தண்ணி வருமுன்

தாராவியில் எங்கள் அம்மாவின் ஜெப நேரத்தைக் குறித்துக் கொடுத்தது மாநகராட்சி. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும், இரண்டு மூன்று மணி நேரம் ஓடும், நின்றுவிடும். அதற்குள் ஹண்டாவும் டிரம்மும் நிறையாவிட்டால் அன்றைய பாடு திண்டாட்டம். ஆகையால் அவள் தண்ணீருக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். கோலி என்கிற ஒற்றை அறையில் நாங்கள் வரிசையாகப் படுத்திருப்போம். பாத்திரம் கழுவும் மோரிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் முழங்காலிடும் இடம்தான் மிச்சம். அங்கே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உதடு மட்டும் அசைய ஜெபிப்பாள். குழாய் முதலில் காற்றைத்தான் விடும். அந்தச் சீறல் கேட்டதும் அவசரமாய் ஓர் ஆமென். பிறகு என் காலைத் தட்டி, “ஏட்டி, எந்தி, தண்ணி வந்துட்டு” என்பாள்.

பாதித் தூக்கத்தில் கேட்டே அந்த ஜெபத்தின் வரிசை எனக்கு மனப்பாடம். முதலில் ஊரில் இருக்கும் ஆச்சி. அடுத்து தோல் கிடங்கில் வேலை பார்த்த அப்பா, அவருடைய இருமல். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த மாமா. பக்கத்துக் கோலியில் இட்லி அவித்து விற்ற அக்கா. அவள் கும்பிட்டது பிள்ளையாரை, அது அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. கடைசியில் “சபை”. சபை என்று வரும்போது மட்டும் ஒரு பெருமூச்சு. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்கூட ஊரும் சாதியும் பார்த்த சபை அது. குழாயடியில் அம்மா இதைப் பேசமாட்டாள். மோரிப் பக்கம்தான் பேசினாள்.

அவள் பிறந்தது சாயர்புரம் பக்கம் ஒரு கிராமம். அங்கே காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும். திருநெல்வேலி மிஷன் கிராமங்களில் இது நூறு வருஷத்துக்கும் மேலான வழக்கம். உபதேசியார் ஒரு சங்கீதம் வாசிப்பார், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், முடிந்தது. பனையேறிகள் இரண்டு வேளையும் மரத்தில் இருக்கும் மாசங்களில் கோயிலுக்குள் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியாவும் அவருடைய நண்பர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுக் காசு இல்லாமல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்களே, அதற்குப் பின்னால் நின்றது இப்படிக் கொடுத்துப் பழகிய கிராமங்கள்தான். ஆச்சிக்கு அசரியாவைத் தெரியுமா என்பது சந்தேகம். பானையைத் தெரியும்.

பம்பாயில் மணி கிடையாது. மணி வைக்கலாம்தான், கேட்கிறவர்களில் பாதிப் பேர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார்கள். ரேஷன் அரிசியில் பிடி எடுக்க அம்மாவுக்கு மனசு வரும், பானை வைக்க இடம் வராது. ஊரில் கோயிலும் உபதேசியாரும் சேர்ந்து பார்த்துக்கொண்ட காரியம் இங்கே அவள் ஒருத்தி தலையில் விழுந்தது.

மெட்ராஸ் ரயிலில் ஊருக்குப் போகும்போது புனேயைத் தாண்டி, தௌண்டு வருவதற்குள் கேட்காவ் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். மாமா கூட வந்தால் அதை ஜன்னல் வழியாகக் காட்டாமல் விடமாட்டார். “ஏ பிள்ள, இங்கதான் ரமாபாய் அம்மா இருந்தாவ” என்பார். பண்டித ரமாபாயின் பெற்றோர் 1870-களின் தென்னாட்டுப் பஞ்சத்தில் செத்துப்போனவர்கள். சமஸ்கிருதம் கரைத்துக் குடித்த அந்தப் பெண் கைம்பெண்ணாகி, கிறிஸ்தவராகி, 1889-இல் பம்பாயில் சாரதா சதனம் என்ற பள்ளியைத் தொடங்கினார். பிறகு பஞ்சத்தில் தப்பிய பெண்களைக் கேட்காவுக்குக் கூட்டிவந்தார். முக்தி மிஷன் என்று பெயர். அவர்கள் மாவரைத்தார்கள், நெய்தார்கள், அச்சுக் கோத்தார்கள். ரமாபாய் தாமே மொழிபெயர்த்த மராத்தி பைபிளை அந்தப் பெண்கள்தான் அச்சடித்தார்கள்.

மாமா சொல்ல வந்தது இதுவல்ல. 1905 ஜனவரியில் ரமாபாய் தம் பெண்களிடம், தினமும் கூடி ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எழுபது பேர் முன்வந்தார்கள். ஜூனுக்குள் அந்தக் கூட்டம் ஐந்நூறைத் தாண்டியது. அந்த மாதம்தான் முக்தி எழுப்புதல் வெடித்தது. அழுகையும் அறிக்கையும் பாட்டுமாய் அது எத்தனையோ சபைகளுக்குப் பரவியது. அதே வருஷம் அக்டோபரில் எங்கள் ஊர்ப் பக்கத்து டோனாவூரில், ஏமி கார்மைக்கேலின் சபையில், அதே மாதிரி. வேல்ஸ் நாட்டில் முந்தின வருஷம் தொடங்கிய அலை காசி மலை வழியாக வந்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுவார்கள். அது சரியாகவே இருக்கட்டும். மாமா அந்த ஐந்து மாதத்தைத்தான் விடாமல் சொல்வார். ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒன்றுமே நடக்கவில்லை, ஜெபிக்க வந்துகொண்டே இருந்தார்கள் என்பார். அதற்குள் தௌண்டு வந்து டீக்காரன் ஏறிவிடுவான்.

மாமாவின் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபக்குழு கூடும். ரயில்வே குவார்ட்டர்ஸ், சுவரில் குஜராத்தின் டாங்ஸ் மலைப்பகுதி வரைபடம். எஃப்.எம்.பி.பி. என்று நம்மவர்கள் சுருக்கிச் சொல்லும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு 1959-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் கூடி ஜெபிக்கத் தொடங்கியதில் பிறந்தது. கூடி ஜெபித்தவர்கள் பிறகு டாங்ஸ் போன்ற இடங்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். இப்போது ஆள் சேர்த்து, மேடை போட்டு, கடைசியில் ஜெபத்துக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறோம்.

மாட்டுங்காவில் டான் பாஸ்கோ மாதா கோயிலை நான் முதலில் பார்த்தது மாமாவோடுதான். 1957-இல் கட்டி முடித்த கோயில், உள்ளே போனால் கழுத்து நோகும் உயரம். மாமா நல்ல புராட்டஸ்டண்டு, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இருந்தாலும் 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் போப் ஆறாம் பவுல் பம்பாய் வந்தபோது சாலையோரம் நின்று பார்த்தவர் அவர். இந்தியாவுக்கு வந்த முதல் போப் அல்லவா. ரோமில் அப்போது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கூட்டிய போப் இருபத்துமூன்றாம் யோவான், தொடங்குமுன் உலகமெங்கும் உள்ள சபையாரை ஜெபிக்கச் சொன்னார், புதிய பெந்தெகொஸ்தே வேண்டும் என்று. அந்தச் சங்கம் முடிந்த பிறகுதான் எங்கள் சந்தின் கத்தோலிக்க வீடுகளில் பூசையைத் தமிழில் கேட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜெபக் கூட்டம் எப்படி நீடிக்கிறது என்பது புதன்கிழமை மாஹிம் பக்கம் போனால் தெரியும். புனித மைக்கேல் கோயிலில் இடைவிடா சகாய மாதா நவநாள். பாதிரியார் எட்வர்ட் பிளாசிட் பெர்னாண்டஸ் பெல்ஃபாஸ்டில் பார்த்துவிட்டு வந்து 1948 செப்டம்பர் 8, ஒரு புதன்கிழமை, இங்கே தொடங்கி வைத்தது. இன்றைக்கும் காலையிலிருந்து ராத்திரி வரை பல மொழிகளில் நடக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். இட்லிக்கார அக்கா பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு தாராவியிலிருந்து நடந்தே போவாள். வாசலில் மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு எல்லாம் விற்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வாங்கியது பெரும்பாலும் வீடு. அம்மா அக்காவோடு தெருமுனை வரை போய், “நீ போய்ட்டு வா, நான் வீட்ல ஜெபிச்சுக்கிடுதேன்” என்று திரும்பிவிடுவாள். இந்த நகரத்தில் ஒரு கூட்டம் இத்தனை வருஷம் நீடித்ததற்கு அதன் நேரம் மாறாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புதன் என்றால் புதன். விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை.

கல்யாணமாகி நான் செம்பூர் வந்தேன். பில்டிங்கில் மாடித் தொட்டி, எந்நேரமும் தண்ணீர். வீட்டுக்காரர் போன தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட். அந்தப் பக்கத்து விசுவாசிகள் இரண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு யாராவது ஒரு வீட்டில் கூடுவார்கள். செருப்பை வாசலில் விடாமல் உள்ளே எடுத்து வைப்போம், சொசைட்டி செயலாளர் கண்ணில் படக்கூடாது என்று. கை தட்டாமல் பாடத் தெரிந்தவர்கள் நாங்கள். ஒருவர் தூங்கிவிழுவார், எழுப்பமாட்டோம். பிறகு தொழிற்சாலையில் ஆட்கள் குறைந்தார்கள், பலர் நவி மும்பை போனார்கள், அந்தக் கூட்டம் நின்றது. ஜெபம் வேண்டும் என்றால் போன் போடலாம் என்ற காலமும் வந்துவிட்டிருந்தது. சென்னையில் சுவிசேஷகர் தினகரனின் ஜெபகோபுரம் 1983-இலேயே திறந்துவிட்டார்கள். நடுராத்திரியில் கூப்பிட்டாலும் யாரோ ஒருவர் நமக்காக ஜெபிப்பார். ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சபை மொத்தமும் தன் ஜெபத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருவது எனக்கு ஒப்பவில்லை.

2020. ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி. கோயில்களை மார்ச்சிலேயே பூட்டியாயிற்று. மகாராஷ்டிரத்தில் வழிபாட்டு இடங்கள் திறந்தது நவம்பர் 16, தீபாவளிப் பாட்வா அன்று. அடுத்த ஏப்ரலில் மறுபடி பூட்டு, 2021 அக்டோபர் 7 வரை. அந்த நாட்களில்தான் அம்மாவும் அவளுடைய பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகளும் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். ஆளுக்கு அரை மணி நேரம். தன் நேரம் முடிந்ததும் அடுத்தவளுக்கு ஒரு மிஸ்டு கால். எடுத்துப் பேசக்கூடாது, காசு போகும். ஜூம் எல்லாம் அவர்களுக்குத் தெரியாது, பழைய பட்டன் போன்கள். எண்பதை நெருங்கிய அம்மா தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது தண்ணீருக்கு முந்தின அரை மணி.

சங்கிலி ஜெபத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1727 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் இருபத்துநான்கு ஆண்களும் இருபத்துநான்கு பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது அறுபடவில்லை. அவர்களுக்கு இடம் கொடுத்த சின்சென்டார்ஃப் பிரபு, ஹாலே பள்ளியில் படித்த சிறுவனாக இருந்தபோது தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த சீகன்பால்குவைப் பார்த்தவர், தமிழ்ச் சபையின் சேதியைக் கேட்டவர். நம் கடற்கரையிலிருந்து போன சேதிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். “அப்படியா, சரி, வை, என் நேரம் வந்துட்டு” என்றாள்.

கோயில் திறந்ததும் கதை மாறியது. சங்கிலி ஜெபத்தை ‘முறைப்படுத்த’ கமிட்டி முடிவு செய்தது. பேனர் வந்தது, பொறுப்பாளர் வந்தார், ஒருங்கிணைப்பாளர் வந்தார், நேர அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது. பட்டன் போன்காரிகள் அட்டவணையிலிருந்து உதிர்ந்தார்கள். அவர்கள் கேட்டது வேறு. கோயில் கதவை விடியுமுன் திறந்து வையுங்கள், வீட்டில் முழங்காலிட இடமில்லை என்று கேட்டார்கள். சாவி தர முடியாது என்று பதில் வந்தது. மிக்ஸர் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, கரண்ட் பில் யார் கட்டுவது, கோயில்பிள்ளை அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார். இத்தனைக்கும் அதே கமிட்டி ஏ.சி. எந்தப் பக்கம் மாட்டுவது என்று பல மாதம் கூடிப் பேசியது. தமிழ்நாட்டில் திருமண்டலத் தேர்தல் வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போவதைப் படிக்கும் வாசகருக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. சபையைப் புதுப்பிக்க எத்தனையோ மாநாடு போடுகிறோம். நேரமே இல்லாதவர்கள் நேரம் எடுத்துக் கொடுத்த இடங்களில்தான் அது புதுப்பிக்கப்பட்டது என்பதற்குக் கேட்காவ் ஒன்று போதும்.

இப்போது மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவியே இடிந்து எழும்பப் போகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள் இலவச வீடு, மாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. எனக்குத் தெரிந்த ஜெப வீடுகள் பல, ஏணி வைத்து ஏறும் மாடி அறைகள். அவை எந்தப் பட்டியலில் வரும் என்று கேட்டுப் போராட வேண்டியதுதான், போராடுகிறவர்களோடு நானும் இருக்கிறேன். கட்டடம் போனாலும் சபை இருக்கும் என்று மேடையில் பேசுவது சுலபம். மோரிப் பக்கம் முழங்காலிட்டவளிடம் அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

மும்பையின் தமிழ்ச் சபைகளின் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தில் எழுப்புதல் மாநாட்டுக்குப் பட்ஜெட் போடுமுன், கோயில் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறது என்று கேளுங்கள். மிக்ஸரை ஒரு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கதவுச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போடுங்கள். தண்ணி வருமுன் எழுந்திருக்கிற பெண் உங்கள் சபையில் யாரென்று விசாரித்து, அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.