பருத்தித் தோட்டத்தில் பிறந்த கிட்டார்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலிருந்து தெற்கு நோக்கி 61ஆம் எண் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால், மேடு பள்ளம் என்ற சொல்லே மறந்துவிடும். தட்டில் மாவைப் பரப்பி வைத்தாற்போல் ஒரே சமவெளி. வலப்புறம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் மிசிசிப்பி ஆறு. சாலையின் இரு பக்கமும் பருத்தி நிலம். நான் போனது அறுவடை முடிந்த சமயம். இயந்திரம் விட்டுச் சென்ற பஞ்சு சாலையோரப் புல்லில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மிசிசிப்பிக்கும் யாஸு ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் இந்த வண்டல் பூமியைத்தான் 'டெல்டா' என்கிறார்கள்.

என் அக்கா மகன் மெம்பிஸில் வேலை பார்க்கிறான். பள்ளி விடுமுறையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். "எங்கே போகலாம் மாமா?" என்று கேட்டான். இந்தச் சாலையைச் சொன்னேன். "அங்கே பார்க்க என்ன மாமா இருக்கு? எல்லாம் வெறும் நிலம்தானே!" என்று சிரித்தான்.

வெறும் நிலம்தான். ஆனால், அன்பர்களே, என் தந்தையார் காலத்தில் எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நால்வர் சேர்ந்து ஒரு கிட்டார்க் குழு வைத்திருந்தார்கள். கல்யாண வீடு, தீபாவளி நிகழ்ச்சி எதுவானாலும் அவர்கள்தான். "வெள்ளைக்காரன் பாட்டை வாசிக்கிறான்கள்" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்களாம். அந்தக் கிட்டார் ஓசையின் வேர் வெள்ளைக்காரன் வீட்டில் இல்லை. நம்மைப் போலவே விடியுமுன் எழுந்து தோட்டத்தில் உடம்பை வருத்திய கறுப்பின மக்களின் வீட்டில் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன்.

கிளார்க்ஸ்டேல் ஊரைத் தாண்டி, கிளீவ்லாந்து வரை இறங்கி, கிழக்கே திரும்பினால் டாக்கரி தோட்டம். 1895இல் வில் டாக்கரி என்பவர் காட்டை வெட்டி உண்டாக்கியது. பருத்தி அரைக்கும் ஆலை, விதைக் கிடங்கு, பழைய பெட்ரோல் நிலையம் இவைதாம் இன்று மிச்சம். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கென்றே ஒரு கடை, ஒரு ரயில் நிலையம், ஏன், தோட்டத்துக் கடையில் செல்லுபடியாகும் தனிக் காசுகூட இருந்தது! நிலமும் கோவேறு கழுதையும் விதையும் முதலாளி கொடுப்பார். அரிசி, மாவு, துணி எல்லாம் தோட்டத்துக் கடையில் கடன். ஆண்டுக் கடைசியில் விளைச்சலில் பாதிப் பங்கு தொழிலாளிக்கு. அதில் கடனைக் கழித்து மீதியைத் தருவார்கள். கணக்குப் புத்தகம் முதலாளி கையில். மீதி எவ்வளவு தேறியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தத் தோட்டத்தில் இருந்தவர்தான் சார்லி பேட்டன். சனிக்கிழமை இரவுகளில் அவர் கிட்டாரை எடுத்தால் சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் திரளும். 1930 வாக்கில் அவரிடம் வந்து கிட்டார் கற்றுக்கொண்ட ஓர் இளைஞர், செஸ்டர் பர்னெட். ஆறடிக்கு மேல் உயரம், மலை போன்ற உடம்பு, இடி போன்ற குரல். பிற்பாடு உலகம் அவரை 'ஹவுலின் வுல்ஃப்' என்று அழைத்தது. ஊளையிடும் ஓநாய் என்று பொருள். இவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, வருகிறேன்.

அதற்கு முன் இசையைப் பற்றிக் கொஞ்சம். கிட்டார் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், துடைப்பத்தைக் கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து எடுத்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டுவார்கள். அடியில் ஒரு புட்டியைச் செருகினால் கம்பி விறைக்கும். ஒரு கையால் மீட்டி, மறு கையில் கண்ணாடித் துண்டை வைத்துக் கம்பிமேல் தேய்த்தால் ஓசை அழுகிறது, கெஞ்சுகிறது. நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை வளைத்து இழைப்பாரே, அதற்குப் பக்கத்து வீட்டுச் சமாசாரம். பெரியவர்கள் உடைந்த புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு இதையே கிட்டாரில் செய்தார்கள். பாட்டின் அமைப்பும் எளிது. ஒரு வரி பாடுவார்; அதையே மறுபடி பாடுவார்; மூன்றாவது வரியில் அதற்கு விடை. ஒவ்வொரு வரிக்கும் இடையே பாடகர் மூச்சு வாங்கும்போது கிட்டார் பதில் பேசும். இதுதான் புளூஸ். பின்னால் வந்த ராக் இசைக்காரர்கள் நீட்டி முழக்கியதெல்லாம் அந்த இடைவெளியில் கிட்டார் சொன்ன பதிலைத்தான்.

டாக்கரியிலிருந்து திரும்பிக் கிளார்க்ஸ்டேலுக்கு வந்தோம். 61, 49 ஆகிய பழைய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில், கம்பத்தின் உச்சியில் நீல நிறக் கிட்டார்களை வைத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜான்சன் என்ற கலைஞர் நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையைப் பெற்றார் என்று ஒரு கதை. பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். ஓர் ஆசிரியனாக எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. 1938இல் 27 வயதில் மாண்டுபோன அந்த மனிதர் விரல் தேயத் தேயப் பயிற்சி செய்து பெற்றதை, ஏன் பேயின் கணக்கில் எழுத வேண்டும்?

ஊருக்குச் சற்று வெளியே ஸ்டோவால் தோட்டம். அங்கே பாட்டியிடம் வளர்ந்தவர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். சிறுவயதில் சேற்றுத் தண்ணீரில் விளையாடியதால் 'மடி' என்று பாட்டி செல்லப்பெயர் வைத்தார்; அது மடி வாட்டர்ஸ் ஆகிவிட்டது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். 1941 ஆகஸ்டு மாதம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காக ஆலன் லோமாக்ஸ், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க் ஆகிய இருவரும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்கே வந்தார்கள். தம் குரலை இசைத்தட்டில் முதன்முதலாகக் கேட்ட மடி, 'நானும் பாடகன்தான்' என்று நம்பியது அன்றுதான்.

1943இல் அவர் மேற்பார்வையாளரிடம் போய்ச் சம்பள உயர்வு கேட்டார். மணிக்கு 22½ சென்ட் கிடைத்துக்கொண்டிருந்தது; 25 ஆக்கித் தரச் சொன்னார். மறுத்துவிட்டார்கள். இரண்டரைக் காசு! மடி கிட்டாரை எடுத்துக்கொண்டு சிக்காகோ ரயிலில் ஏறினார். அந்த இரண்டரைக் காசைத் தோட்டம் கொடுத்திருந்தால் இன்றைய ராக் இசை எப்படி இருந்திருக்குமோ!

அவர் மட்டும் போகவில்லை. அடுத்த ஆண்டே, 1944இல், அதே ஊருக்குப் பக்கத்து ஹாப்சன் தோட்டத்தில் விதைப்பது முதல் பஞ்சுப் பொதி கட்டுவது வரை முழுக்க இயந்திரத்தாலேயே செய்து காட்டினார்கள். ஆள் தேவைப்படவில்லை. லட்சக்கணக்கானோர் வடக்கே போனார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் போய், லயத்தைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்து மாடி வீட்டுக்குப் போனவர்கள் நம்மிலும் எத்தனை பேர்! அந்தப் பயணத்தின் கனம் நமக்குத் தெரியும்.

சிக்காகோவின் மதுக்கடை இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை. மடி மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். போலந்திலிருந்து குடியேறிய செஸ் சகோதரர்கள் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அந்தத் தட்டுகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. அங்கே வெள்ளைக்கார இளைஞர்கள் ஊசி தேயுமட்டும் கேட்டார்கள். 1950இல் மடி பாடிய ஒரு பாட்டின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தமக்கு வைத்துக்கொண்டார்கள். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த அவர்கள், ஹவுலின் வுல்ஃபும் பாடவேண்டும் என்று வற்புறுத்தி அவரை மேடையேற்றினார்கள். சொந்த நாடு கண்டுகொள்ளாத கலைஞரை அயல்நாட்டுப் பிள்ளைகள் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள்.

இப்படித்தான் மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து இசைத்தட்டு போடும் காலம் வந்தது. அவற்றுள் என் மனத்தில் நிற்பது 1970 மே மாதம் லண்டனில் பதிவாகி, 1971இல் வெளிவந்த ஹவுலின் வுல்ஃபின் 'லண்டன்' இசைத்தட்டு. எரிக் கிளாப்டன் கிட்டார், சார்லி வாட்ஸ் டிரம்ஸ், பில் வைமன் பேஸ் கிட்டார். எல்லாரும் பேரும் புகழும் பணமும் பெற்ற இளைஞர்கள். வுல்ஃபுக்கோ அறுபதை நெருங்கும் வயது. இருதயக் கோளாறு, உடம்பு முடியவில்லை. பல ஆண்டுகள் அவருக்குப் பக்கவாத்தியமாக இருந்த ஹியூபர்ட் சம்லின் என்ற கிட்டார்க் கலைஞரை அழைத்துப்போகக் கம்பெனிக்கு மனமில்லை. அவர் வந்தால்தான் நான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து வரவழைத்தவர் கிளாப்டன்.

அந்தத் தட்டில் ஓர் இடம். சிவப்புச் சேவலைப் பற்றிய பாட்டைத் தொடங்குகிறார்கள், தாளம் தட்டுகிறது, நின்றுவிடுகிறது. கிளாப்டன், நீங்களே கிட்டாரில் வாசித்துக் காட்டுங்கள் என்று பணிவாகக் கேட்கிறார். வுல்ஃப் வாத்தியத்தை வாங்கி, எந்த இடத்தில் அடி விழவேண்டும், எங்கே மாற்றவேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் மாதிரி விளக்குகிறார். பிறகு வாசிக்கிறார்கள், சரியாக வருகிறது. இந்தப் பேச்சை வெட்டி எறியாமல் தட்டிலேயே விட்டுவைத்த புண்ணியவானுக்கு நன்றி. சார்லி பேட்டன் டாக்கரியில் கற்றுக்கொடுத்த அதே பாடம் நாற்பது ஆண்டு கழித்து லண்டனில் நடக்கிறது.

வுல்ஃபைப் பற்றி இன்னொன்று. நாற்பது வயது தாண்டும்வரை அவருக்கு எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது. பெயர் பெற்ற பிறகு, சிக்காகோவில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து படித்தார்; கணக்கெழுதவும் கற்றார். சும்மா அல்ல. தம் குழுவினருக்கு நாள் தவறாமல் சம்பளம் கொடுத்தார். வேலையில்லாக் காலக் காப்புறுதிக்கும் முதுமைக்கால நிதிக்கும் பணம் பிடித்துக் கட்டினார். நம் சேமநிதி, சொக்சோ மாதிரி! மற்றவர் எழுதிய கணக்கில் வாழ்ந்த தோட்டத்துப் பிள்ளை, தன் கையால் கணக்கெழுதித் தன் ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறார். இரவு வகுப்புக்கு வரக் கூச்சப்படும் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், அந்த ஆறடி மனிதர் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பாட்டு என்னவோ லண்டன் தட்டைவிட மடி வாட்டர்ஸின் 'ஹார்ட் அகெய்ன்' தட்டில்தான் எனக்கு நிறைவு. 1977இல் வந்தது. தயாரித்தவர் டெக்ஸாஸ்காரரான ஜானி வின்டர். வெள்ளைக்காரர், மின்னல் வேகக் கிட்டார்க் கலைஞர். அவர் நினைத்திருந்தால் தம் வித்தையை முழுக்கக் காட்டியிருக்கலாம். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே மூச்சில் வாசிக்கவிட்டு, தான் ஒதுங்கி நின்றார். முதல் பாட்டில் பின்னாலிருந்து ஆனந்தக் கூச்சல் கேட்கிறதே, அது அவர்தான். அறுபது தாண்டிய மடி இருபது வயதுக்காரர் போலப் பாடுகிறார். கிராமி விருதும் கிடைத்தது. 2000இல் பி.பி. கிங்கும் கிளாப்டனும் சேர்ந்து போட்ட தட்டு இதைவிடப் பல மடங்கு விற்றது. கேட்க இனிமைதான், ஆனால் எனக்குக் கொஞ்சம் சர்க்கரை அதிகம். அதன் அட்டைப்படம் மட்டும் நன்று: கிளாப்டன் காரோட்டுகிறார், மிசிசிப்பித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய பி.பி. கிங் பின்னிருக்கையில் ராஜாவாக அமர்ந்திருக்கிறார்.

எல்லாரும் இப்படி நடந்துகொள்ளவில்லை. மடிக்கும் வுல்ஃபுக்கும் எத்தனையோ பாட்டுகள் எழுதிக்கொடுத்த வில்லி டிக்ஸன், தம் வரிகளை எடுத்தாண்ட லெட் செப்பெலின் என்ற பெருங்குழுமீது 1985இல் வழக்குப் போட வேண்டியிருந்தது, 1987இல் சமரசமானது. கையெடுத்துக் கும்பிடுவது ஒன்று. பாட்டுக்குரியவன் பெயரைத் தட்டில் அச்சிட்டு அவன் பங்கைக் கொடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் முதலாவது தேவையே இல்லை.

கடைசியாக, கிளார்க்ஸ்டேலின் பழைய சரக்கு ரயில் நிலையத்தில் உள்ள டெல்டா புளூஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மடி வாட்டர்ஸ் ஸ்டோவால் தோட்டத்தில் குடியிருந்த மரவீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். நம் பழைய லயத்து அறையைவிடப் பெரிதொன்றுமில்லை. சைப்ரஸ் மரப் பலகை. இடுக்கு வழியே விரல் நுழையும். அந்த வீட்டிலிருந்து கழன்று கிடந்த ஒரு மரத்துண்டை, இசீ இசீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 1980களில் வாங்கிப்போய் ஒரு கிட்டார் செய்வித்தார். அதைக் காட்டி நிதி திரட்டி, அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். வெள்ளை உடம்பு, அதன்மேல் மிசிசிப்பி ஆறு போல ஒரு நீலக் கோடு வளைந்து ஓடுகிறது.

என் மருமகன் அந்தக் கிட்டாரையும் வீட்டுச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். "தாத்தா வீட்டுப் பலகை எதுவும் எடுத்து வெச்சிருக்கோமா மாமா?" என்று கேட்டான். எங்கள் லயத்தை இடித்தபோது நிலைக்கதவை மட்டும் அக்கா வீட்டுக்குக் கொண்டு போனோம். கொல்லையில் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது என்று சொன்னேன்.