கைபிடிக் கம்பியின் கால்

வீடொன்றைக் கட்டி முடித்தவர் வருவோர்க்குக் காட்டும் பொருள்கள் பல. நிலத்திற் பதித்த கல்லைக் காட்டுவர். கதவின் செதுக்கு வேலையைக் காட்டுவர். கூரையின் உயரத்தைக் காட்டுவர். மாடி விறாந்தையின் ஓரத்தில் நிற்குங் கைபிடிக் கம்பியை எடுத்துக் காட்டுவார் அரியர். காட்டினும் அதன் வளைவையும் பூவேலையையும் நிறத்தையுமே காட்டுவர். அது தன் கடமையைச் செய்யும் நாளெல்லாம் எவர் நினைவிலும் நில்லாது. செய்யத் தவறிய ஒரு நாளில் ஊரெல்லாம் அதனையே பேசும். இத்தகைய பொருளைப் பற்றி எழுதுதல் விழா மலருக்குப் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு, மிகப் பொருந்தும் என்பதே எமது விடை. விழாக் காலமே கட்டிடங்களுக்கு வர்ணம் பூசுங் காலம். அவ்வர்ணமே இக் கம்பிகளின் குறையை மறைக்கும் போர்வை.

தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்க்கு இரும்போடு என்ன உறவு என்று கேட்டல் இயல்பே. எமது இளமைக் காலத்து வீட்டிற்கு இரண்டு வளவு தள்ளிக் கம்மாலை ஒன்றிருந்தது. 1990களிற் சீமெந்தும் இரும்பும் குடாநாட்டிற்கு வருதல் தடைப்பட்டிருந்த காலம் அது. புதுக் கம்பி கிடையாமையாற் பழைய கம்பியை நிமிர்த்தியும் வெட்டியும் பொருத்தியும் கொடுப்பதே அக் கம்மாலையின் பெருந் தொழிலாயிற்று. அதனை நடத்திய முதியவரை அயலிலுள்ள சிறுவர் யாவரும் 'அப்பு' என்றே அழைப்போம். துருத்தி இழுக்க உதவுஞ் சிறுவர்க்கு அவர் தொழில் நுட்பம் சொல்லுவதுண்டு. "தம்பி, கம்பியின்ரை தலையைப் பாராதை, காலைப் பார். நோய் காலிலைதான் துவங்கும்" என்பது அவர் அடிக்கடி கூறும் வார்த்தை. பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியராய்ப் பல பாடசாலைகளிற் கடமையாற்றி, மாடி வகுப்புகளிற் பிள்ளைகளைக் காத்து நின்றபொழுதே அவ்வார்த்தையின் ஆழம் எமக்குப் புலனாயிற்று.

நோய் காலில் தொடங்குதற்குக் காரணம் உண்டு. நீரும் ஒட்சிசனும் சேர்ந்தே இரும்பைத் துருவாக்குகின்றன. உப்பும் சேரின் அவ்வேலை விரைவுபடும். எத்திசை நோக்கி நடப்பினுங் கடலை அணுகும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. மழை நீர் கம்பியின் மேற்பகுதியில் நில்லாது வழிந்து உலர்ந்துவிடும். அடியிலோ, கம்பி சீமெந்துக்குட் புகும் இடத்தில், மயிரிழை போன்ற ஓர் இடைவெளி உண்டு. நீரும் தூசும் உப்பும் அங்கே தங்கும். துருவானது தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தைக் கொள்வது. ஆதலின் அது சுற்றிலுமுள்ள சீமெந்தை வெடிக்கச் செய்யும். அவ்வெடிப்பு மேலும் நீரை அழைக்கும். உள்ளே வெறுமையான குழாய்க் கம்பியாயின், ஒட்டிலுள்ள ஊசித் துளை வழியே நீர் புகுந்து உள்ளிருந்தே அரித்தலும் உண்டு. புறத்தே வர்ணம் பளபளக்க, அகத்தே கம்பி தாளாக மெலிந்து நிற்கும்.

காலைப் பார்க்க வேண்டுதற்கு மற்றொரு காரணமுமுண்டு. அதனை நெம்புகோல் பற்றிய பாடம் படித்த மாணவர் எளிதில் உணர்வர். கைபிடியின் உச்சியில் ஓரிடத்தில் எத்திசையிலேனும் 200 இறாத்தல் விசை தாக்கினும் அது தாங்கவேண்டும் என்பது அமெரிக்கக் கட்டிட விதிகளுள் ஒன்று. அஃது ஏறக்குறைய 90 கிலோகிராம் எடை. பருத்த மனிதர் ஒருவரின் பாரம். கம்பியின் உயரம் 42 அங்குலம் எனக் கொள்வோம். அதனை நிலத்தோடு பிணிக்கும் ஆணி, அடித்தகட்டின் விளிம்பிலிருந்து 3 அங்குலத் தூரத்தில் உள்ளதாயின், உச்சியில் தள்ளும் விசை அடியில் 14 மடங்காகும். மேலே சாய்ந்தவர் ஒருவர். கீழேயுள்ள ஆணிகளைப் பிடுங்க முயலும் விசையோ 1260 கிலோகிராம். மேலே எத்துணைத் தடித்த கம்பியை வைத்தாலும் அடியில் இரண்டு சிற்றாணிகளை அறைந்து முடித்தால் அதனாற் பயனில்லை.

தென்னமெரிக்காவிலுள்ள பொலிவியா நாட்டின் எல் ஆல்ற்றோ நகரில், 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆந் திகதி, பல்கலைக்கழகக் கட்டிடமொன்றின் நான்காம் மாடி நடைவழியில் மாணவர் கூட்டமாக நின்றனர். நெருக்குதல் ஏற்பட்டது, உலோகக் கைபிடி பெயர்ந்தது, அதனோடு மாணவர் பலர் கீழே வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். அந்தச் செய்தியைப் படித்த ஆசிரியர் எவர்க்கும் தமது பாடசாலையின் மாடி விறாந்தை கண்முன் தோன்றாது போகாது. எமக்கும் தோன்றிற்று.

அதன் பின்னர் நாம் கற்பித்த ஒரு பாடசாலையில் ஆண்டு விழா அணுகிற்று. பழைய மாணவர் அனுப்பிய பணத்திற் பெரும் பங்கை மேடைக்கும் வர்ணத்திற்கும் ஒதுக்குவதென்று கூட்டத்திற் பேச்செழுந்தது. மேல்மாடிக் கம்பியை நாம் நாடோறுங் கண்டு வந்தோம். இடைவேளை மணி அடித்தவுடன் எழுபது எண்பது பிள்ளைகள் அதன்மேற் சாய்ந்து முற்றத்திலே நடக்குந் துடுப்பாட்டத்தைப் பார்ப்பர். கம்பியின் காலடிகளிற் சீமெந்து வெடித்துச் செந்நீர் வழிந்த தடங்கள் இருந்தன. வர்ணம் பூசுமுன் அக்கால்களைத் தட்டிப் பார்த்தல் வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கூறினோம். "வாத்தியார் இலக்கணப் பிழை பிடிக்கிற பழக்கத்திலை கம்பியையும் விடுறாரில்லை" என்றார் ஒருவர். யாவரும் நகைத்தனர். அதிபர் மட்டும் நகைக்கவில்லை. மறுநாளே இரும்பு வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்தார்.

அவர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு காலையுந் தட்டிச் சென்றார். நல்ல கால் மணிபோல் ஒலித்தது; கெட்டது உடைந்த பானைபோல் ஒலித்தது. 32 கால்களில் 11 உடைந்த பானைகள். உளியை வைத்து அழுத்த, அவற்றுட் சிலவற்றில் அது வெண்ணெயிற் புகுவதுபோற் புகுந்தது. முன்னொரு முறை திருத்த வந்தவர் துருவை நீக்காமலே அதன்மேல் ஒரு தகட்டை ஒட்டி, சீமெந்து பூசி, பணம் பெற்றுச் சென்றிருந்தமையும் அப்பொழுதே வெளிப்பட்டது. அன்றே விறாந்தை மூடப்பட்டது. மாடி வகுப்புகள் வேப்பமர நிழலுக்கு இறங்கின. மூன்று கிழமை பிள்ளைகள் மண்ணில் இருந்து படிக்கின்றனர் என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர். கழற்றிய கம்பியின் காலொன்றை அதிபர் தம் மேசைமேல் வைத்திருந்தார். முறையிட வந்தோர் அதனைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றுங் கூறாது திரும்பினர்.

அத்திருத்த வேலையை அருகிருந்து கண்டமையால் அறிந்தவற்றை, வீடும் கடையும் உடையோர்க்குப் பயன்படும்படி இங்கே தொகுத்துரைப்போம்.

முதலாவது, வேலை நடக்கும் இடத்தை மூடுதல். மேலே ஆட்கள் வாராதவாறும், கீழே எவரும் நில்லாதவாறும் தடுத்தல் வேண்டும். கழற்றப்படும் கம்பியில் தொழிலாளர் சாய்தலும், ஏணியை அதன்மேற் சார்த்துதலும் ஆகா. உயரத்தில் வேலை செய்வோர்க்குச் சாரமும் உடல் முழுவதையும் பிணிக்கும் பாதுகாப்புப் பட்டியும் வேண்டும். கைபிடியைத் திருத்தப் போனவரே கைபிடியற்ற இடத்தில் நிற்கின்றார் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, கெட்டதை முற்றாக வெட்டி நீக்குதல். துருவின்மேல் ஒட்டிய ஒட்டு, துருவோடு உதிரும். பழைய வீடுகளில் ஈயங் கலந்த வர்ணம் இருத்தல் கூடும். அதனை உலர்ந்தபடி தேய்த்தால் எழுந் தூசு சிறுவர்க்கு நஞ்சு. நனைத்துத் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி அகற்றுதல் வேண்டும். வார்ப்பிரும்பினாலாய பழங் கம்பியாயின் சாதாரண ஒட்டுவேலையில் அது வெடிக்கும். தகடும் ஆணியுங் கொண்டு பிணித்தலே தக்கது.

மூன்றாவது, வெல்டிங் என்று யாவரும் வழங்கும் ஒட்டுவேலை. அதன் ஒளியை வெறுங்கண்ணாற் பார்த்தவர்க்கு அப்பொழுது ஒன்றுந் தோன்றாது. சில மணி கழிந்து, கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் எரியும். தொழிலாளர்க்கு மட்டுமன்று, வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் இது நேரும். நாகம் பூசிய கம்பியை ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்க்கு அன்றிரவே குளிருங் காய்ச்சலும் வரும். பால் குடித்தாற் போதும் என்பாரும் உளர். காற்றோட்டமும், ஒட்டுமிடத்து நாகத்தை முன்னரே அராவி நீக்குதலும், தக்க முகக்கவசமுமே உண்மையான காப்பு. ஒட்டிய இடத்தில் நாகம் எரிந்து போவதால், நாகஞ் செறிந்த பூச்சை அங்கே மீளப் பூசுதலும் வேண்டும்.

நான்காவது, காலை ஊன்றுதல். கொங்கிறீற்றின் விளிம்பிற்கு மிக அணித்தாய்த் துளைத்து விரியும் ஆணியை இறுக்கினால் விளிம்பே பெயர்ந்து விழும். அத்தகைய இடத்தில் இரசாயனப் பசையிட்டு ஊன்றும் ஆணி ஏற்றது. ஆயினும் துளையிலுள்ள தூசை ஊதியும் தூரிகையால் துடைத்தும் முற்றாக நீக்காவிடின், பசை தூசைப் பிடிக்குமேயன்றிச் சுவரைப் பிடியாது. காலடியைச் சுற்றிச் சீமெந்தைச் சிறிது மேடாக்கி, நீர் புறம் வழிந்தோடச் சரித்துவிட வேண்டும். இச்சிறு சரிவு, கம்பியின் வாழ்நாளைப் பல ஆண்டு நீட்டுவது.

ஐந்தாவது, அளவு. மாடி ஓரத்துக் கைபிடிக்குப் பிரித்தானிய விதி 1100 மில்லிமீற்றர் உயரங் கூறும். அமெரிக்க விதி பொதுக் கட்டிடங்களுக்கு 42 அங்குலங் கூறும். இரண்டும் ஏறத்தாழ மூன்றரை அடி. கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்திற்கு மேற்படலாகாது. மேற்படின் குழந்தையின் உடல் நுழையும். படுக்கைக் கம்பிகளைப் படிப்படியாக அமைத்தல் பார்வைக்கு அழகெனினும், சிறுவர்க்கு அஃது ஏணி. நிமிர்ந்த கம்பிகளே நன்று. கடற்கரையை அடுத்த வீடுகளுக்குத் துருவேறா உருக்கு வாங்குவோர், 304 என்னும் வகையிலும், மொலிப்தனஞ் சேர்ந்த 316 என்னும் வகை உப்புக் காற்றை நன்கு தாங்கும் என்பதை அறிந்திருத்தல் நலம்.

கடைகளுக்கும் கலியாண மண்டபங்களுக்கும் இவற்றோடு வேறுஞ் சில உள. அங்கே சாய்பவர் ஒருவரல்லர், கூட்டம். மாடிப்படிக் கைபிடி இடையில் அறாது தொடர்தல் வேண்டும். அதன் நுனி சுவர்ப்பக்கம் மடிந்திருத்தல் வேண்டும், இல்லையேல் சேலைத் தலைப்பையும் சால்வையையும் பற்றி இழுக்கும். விழா நாட்களிற் கம்பியில் வாழைமரம் கட்டுகின்றோம், ஒலிபெருக்கி கட்டுகின்றோம், மின்விளக்குச் சரத்தையுஞ் சுற்றுகின்றோம். உரிந்த மின்கம்பி ஒன்று படுமாயின், காக்க நின்ற கைபிடி முழுவதிலும் மின்சாரம் பாயும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் இங்கே நினைவூட்டுதல் கடன். 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வின் பின்னும், அதற்கு முன்னும் பின்னுமாகக் கடல் கடந்து சென்றோராலும், ஆளின்றி நின்ற மாடி வீடுகள் எம்மூர்களிற் பல. விடுமுறைக்கு வரும் குடும்பத்திற் பேரப்பிள்ளைகளே முதலில் மாடிக்கு ஓடுவர். திறப்பைக் காவலிருப்பவரிடம் பெற்ற கையோடு, ஒரு சுத்தியலையும் வாங்கிச் சென்று கம்பியின் கால்களைத் தட்டிப் பார்த்த பின்னரே பிள்ளைகளை மேலே விடுதல் வேண்டும்.

கைபிடி என்னுஞ் சொல்லில் நாம் பிடிப்பதே புலனாகின்றது. அது எம்மைப் பிடிப்பது புலனாவதில்லை. காண்பவர் கண்ணுக்கு எட்டாத அடியில் ஒருவர் நேர்மையாகச் செய்த வேலையை நம்பியே முகந்தெரியாத பிள்ளை ஒன்று மேலே சாய்கின்றது. ஆசிரியத் தொழிலும் பெரும்பாலும் அவ்வாறான அடிவேலையே என்பதால், இரும்புத் தொழிலாளர்பால் எமக்கு ஓர் உறவுணர்ச்சி உண்டு.

மேற்கூறிய பாடசாலையின் விழா குறித்த நாளிலேயே நடந்தது. மேற்பூச்சுக்குப் பணம் எஞ்சாமையால் மேல்மாடிக் கம்பி செங்காவி நிற அடிப்பூச்சுடனேயே நின்றது. விழாப் படத்திலும் அவ்வாறே காணப்படும். அதனைக் குறையென்று கூறினார் எவருமிலர்.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பெருந்தன்மையுடன் பொருள் வழங்குகின்றனர், இனியும் வழங்குவர். அவர்களிடத்து எமது வேண்டுகோள் ஒன்றே. கட்டிட நிதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன் மாடிக் கம்பிகளின் கால்களைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே எழுதிக் கொடுங்கள். அப்பணத்திற்குப் பெயர்ப்பலகை கிடையாது. திறப்பு விழாவும் கிடையாது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து சாய்வர். கம்பி அசையாது நிற்கும். அதுவே அதன் பயன்.