எண்ணப்பட்ட தலைமுடி

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்திருந்த ஒரு ஞாயிறு. திருப்பலிக்கு வழக்கத்தைவிட மிகுதியான மக்கள் வந்திருந்தனர். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குச் சென்ற இளைஞர் பலர் விடுப்பில் ஊர் திரும்பியிருந்தனர். இறைப் பராமரிப்பைப் பற்றி மறையுரை ஆற்றிய நாம், நம் தலைமுடி எல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்னும் ஆண்டவரின் வாக்கை எடுத்துரைத்தோம். மக்கள் சற்றே களைத்திருப்பதாகத் தோன்றவே, நம் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டி, ‘நம்மை எண்ணுவதில் ஆண்டவருக்கு வேலை குறைவு’ என்றோம். சிரிப்பு எழுந்தது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். கடைசி வரிசையில் நின்ற இளைஞர் ஒருவரைச் சுட்டி, ‘அந்தத் தம்பியின் தலைக்கும் அதிக நேரம் ஆகாது’ என்று சேர்த்தோம். கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தலைகுனிந்து நின்ற அந்தத் தம்பி, அதன்பின் பல வாரங்கள் கோவிலுக்கு வரவில்லை.

காரணம் நமக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு மாலையில் அவருடைய தாயார் பங்கு இல்லத்துக்கு வந்து திண்ணையில் அமர்ந்தார். நெடுநேரம் பேசாதிருந்தவர், பிறகு சொன்னார்: “சாமி, சின்ன வயசுல அவனுக்கு நான் ஒழுங்கா எண்ணெய் வெச்சு விடலை. காட்டு வேலைக்குப் போயிடுவேன். அதான் இப்படி ஆயிடுச்சு. ரெண்டு இடத்துல பொண்ணு பார்த்தோம். ரெண்டு வீட்டுலயும் முடியைப் பார்த்துட்டு வேண்டாம்னுட்டாங்க. இப்ப ஆட்டையெல்லாம் வித்து, மீதியை வட்டிக்கு வாங்கி, தலையில முடி நடப் போறேங்கிறான்.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் குருமடத்தில் சேர்ந்த காலத்துக்கு முன்பே, குருநிலை புகுவோரின் தலையுச்சியை மழிக்கும் பழைய சடங்கு மறைந்துபோயிருந்தது. 1972ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அதை நீக்கியிருந்தார். திருச்சபை விட்டுவிட்ட அச்சடங்கை இயற்கை நமக்கு இருபத்தெட்டாம் வயதில் செய்து முடித்தது. நாம் அதைச் சிரித்தே கடந்தோம். நம்மால் சிரிக்க முடிந்தது. ஏனெனில் நமக்குப் பெண் பார்ப்பவர் இல்லை, மேலங்கி அணிந்து பீடத்தில் நிற்கும் குருவின் தலையில் முடியுண்டா என்று எவரும் கேட்பதும் இல்லை. வேளாங்கண்ணியில் நேர்ச்சையாக மொட்டையடித்துத் திரும்புவோரை ஊர் மரியாதையோடு பார்க்கிறது. தானே கொடுப்பது ஒன்று. இருபத்தாறு வயதில் கேளாமலே பறிபோவது முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

அத்தாயின் குற்ற உணர்வு நம்மை மிகவும் வருத்தியது. உண்மையை அறிந்து சொல்வதே நாம் செய்யக்கூடிய முதல் பரிகாரம் எனக் கருதி, தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

மனிதத் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை முடியை வளர்க்கிறது. பின் ஓரிரு வாரங்கள் சுருங்குகிறது. ஏறத்தாழ 3 மாதங்கள் ஓய்கிறது. பழைய முடியை உதிர்த்து மறுபடி துளிர்க்கிறது. எல்லா நிலங்களிலும் ஒரே நாளில் விதைப்பதில்லை அல்லவா? அவ்வாறே மயிர்க்கால்களும் தத்தம் காலத்தில் இயங்குகின்றன. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது நலமுள்ளோர்க்கும் இயல்பே.

ஆண்களின் வழுக்கையில் நிகழ்வது வேறு. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை, 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி, டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆற்றல்மிகு பொருளாக மாற்றுகிறது. முகத்தில் தாடியை வளர்ப்பதில் பங்குடைய அதே பொருள், முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள சில மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகக் குறுக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வளரும் காலம் குறைகிறது. தடித்த முடி மெலிந்து பூனைமுடி ஆகிறது. பின்தலையிலும் பக்கங்களிலும் உள்ள மயிர்க்கால்கள் இதற்குப் பெரும்பாலும் இரையாவதில்லை.

இதை முறையாக முதலில் நிறுவியவர் அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுள் வழுக்கை மரபில் வந்தோர்க்கு ஆண் இயக்குநீரைக் கொடுத்தால் வழுக்கை தோன்றுகிறது என்பதையும் அவர் 1942இல் எழுதினார். இயக்குநீர் மட்டும் போதாது, மரபும் வேண்டும் என்பது அதனால் தெளிந்தது. அம்மரபில் ஒரு முக்கியமான கூறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்மகனுக்கு அது தாயிடமிருந்தே வருகிறது. வேறு பல கூறுகள் தந்தை வழியிலும் வருகின்றன. தாய் வழியே வந்தது என்பதால் தாயின் குற்றம் ஆகிவிடாது. எண்ணெய் வைக்காததாலோ, திருப்பூரின் ஆழ்குழாய்த் தண்ணீராலோ, தலைக்கவசத்தாலோ இவ்வகை வழுக்கை உண்டாவதில்லை.

நம் மலைவாழ் மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. டொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில், பிறப்பில் பெண் எனக் கருதப்பட்டு, பருவ வயதில் ஆணாகத் தெளிந்த சிலர் வாழ்ந்தனர். மருத்துவர் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி அவர்களை ஆராய்ந்து 1974இல் எழுதினார். அவர்கள் உடலில் மேற்சொன்ன நொதி குறைந்திருந்தது. அவர்கள் தலையில் முன்நெற்றி ஏறவும் இல்லை. அந்நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைட் என்னும் மருந்து உருவாக இவ்வறிவு வழிகாட்டியது. 1992இல் ஆண்சுரப்பி வீக்கத்துக்கும், 1997இல் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. பெரிய நகரங்களின் மருத்துவத்துக்கு அறிவு கொடுத்தவர்கள், உலகம் அறியாத ஓர் ஊரின் எளிய மக்கள்!

மினாக்சிடில் வந்த வழி வேறு. இரத்தக் கொதிப்புக்கு உட்கொள்ளும் மாத்திரையாக அது பயன்பட்டபோது, நோயாளிகளின் உடலில் முடி மிகுதியாக வளர்வதைக் கண்டனர். தலையில் தடவும் நீர்மமாக 1988இல் அமெரிக்காவில் அனுமதித்தனர். இவ்விரு மருந்துகளும் பலருக்கு உதிர்வைத் தடுக்கும். சிலருக்கு ஓரளவு முடியை மீட்கும். ஆனால் நிறுத்தினால், கிடைத்த பயன் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டெரைட் சிலருக்குத் தாம்பத்திய வாழ்வில் தொல்லை தரக்கூடும். ஆகவே மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. முடி நடுதல் என்பது புதிய முடியைப் படைப்பதன்று; பின்தலையிலிருந்து எடுத்து முன்தலையில் நடுவதே. நாற்றங்காலில் உள்ள அளவுதான் வயலுக்கு வரும்.

ஆய்வுகள் தொடர்கின்றன. வழுக்கை விழுந்த இடத்திலும் மயிர்க்காலின் குருத்தணுக்கள் குறையாதிருக்கின்றன. அவற்றிலிருந்து எழ வேண்டிய அடுத்தநிலை அணுக்களே குறைகின்றன என்று 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். முடி வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள் வழுக்கைப் பகுதியில் மிகுந்திருப்பதை 2012இல் அறிவித்தனர். அதன் செயலைத் தடுக்கும் மருந்து ஒன்றை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயன் தரவில்லை. 2022இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தார் எலியின் அணுக்களைக் கொண்டு கண்ணாடிக் கலத்தில் மயிர்க்கால்களை வளர்த்தனர். எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீண்டது. நம் மலையின் காவலூர் வானாய்வகத்தில் 93 அங்குலத் தொலைநோக்கி 1986 முதல் தொலைவான விண்மீன்களை நோக்குகிறது. ஆயினும் தன் தலைமேலுள்ள சிறு மயிர்க்காலை மனிதன் இன்னும் கற்றுக்கொண்டே இருக்கிறான்.

இந்த இடைவெளியில்தான் வணிகர் புகுகின்றனர். 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர், அதுவும் மருத்துவம் பயின்றவர், சில நாள்களில் உயிரிழந்தார். தகுதியும் பயிற்சியும் உள்ள மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யலாகாது எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு அவ்விளைஞரின் ஊருக்கு நடந்தோம். அவர் மாட்டுக்கொட்டகையின் கூரையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் இறங்கி வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பினார். மருத்துவம் பேசுவதற்குமுன் அன்று நாம் செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “எல்லாரும் சிரிச்சதுகூடப் பரவாயில்ல சாமி. திருப்பூர்லயும் சரி, இங்கயும் சரி, எங்க போனாலும் தொப்பி போட்டுக்குவேன். கோவில்ல மட்டுந்தான் கழட்டுவேன்.”

நாம் பேச்சற்று நின்றோம். இறைவன்முன் மட்டும் அவர் திறந்து வைத்த தலை அது. அதைத்தான் நாம் ஊருக்குக் காட்டிச் சிரித்தோம்.

பின்னர் அவருடைய தாயாரையும் அழைத்து அமர்த்தி, அறிந்தவற்றை எளிமையாக எடுத்துரைத்தோம். எண்ணெயின் குறையன்று என்று கேட்டபோது அந்த அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். சிகிச்சை தேடுவது பாவமன்று, வீண்பெருமையும் அன்று. ஆயினும் கடன் வாங்கி, அறியாதவரிடம் தலையைக் கொடுக்க வேண்டாம் என்றோம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவரை முதலில் பார்க்கச் சொன்னோம். இரத்தக்குறைவு, தைராய்டு போன்றவற்றாலும் முடி உதிரும். எது என்று அவர்தாம் கூற இயலும்.

ஆடுகள் விற்கப்படவில்லை. தம்பி மருத்துவரிடம் சென்று வந்தார். தடவும் மருந்தைப் பயன்படுத்துகிறார். பெண் இன்னும் அமையவில்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊர் வந்தவர், வாயிலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதே கடைசி வரிசையில் நின்றார். முடி வளர்ந்திருக்கிறதா என்று நாம் பார்க்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, நம் இல்லங்களிலும் பங்குகளிலும் இத்தகைய இளைஞர் பலர் உள்ளனர். பெண் பார்க்கச் செல்லும்போதும், நண்பர் கூடிப் பேசும்போதும், ஏன், மறையுரை மேடையிலும், அவர்கள் தலை நமக்கு எளிதான வேடிக்கையாகிவிடுகிறது. நம் குறையைப் பற்றி நாம் சிரிக்கலாம். பிறர் குறையைச் சிரிப்பாக்க நமக்கு உரிமை இல்லை. உதிரும் முடியையும் எண்ணுகின்ற ஆண்டவர், அதை எண்ணிக் கலங்கும் உள்ளத்தையும் அறிவார். அதை நாமும் அறிய அவர் அருள்வாராக.